அன்று பாலம் கடந்த கால் இன்று படி ஏற மறுப்பது ஏன்?

ஐம்பத்து நான்கு வயதுடைய ஆசிரியை ஒருவர் இங்கே கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிக்கொள்கிறேன். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவருடைய இடக்கால் சூம்பிப் போயிற்று. தகப்பனார் முற்றத்து மணலில் இடுப்பளவு குழி வெட்டி அதற்குள் நிறுத்தியும், இரண்டு கமுகஞ் சலாகைகளைக் கட்டி அவற்றைப் பிடித்து நடக்கவைத்தும் மகளைத் தேற்றியிருக்கிறார். பன்னிரண்டு வயதில், காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டமான கலிப்பரைக் கழற்றி மூலையில் வைத்தவர், பிறகு சைக்கிளில் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். போரால் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது நாவற்குழிப் பாலத்தைக் கால்நடையாகவே கடந்திருக்கிறார். இப்போது மூன்று ஆண்டுகளாக அதே கால் உழைகிறது, படி ஏற முடியவில்லை, இரண்டு தடவை விழுந்தும் விட்டார், மத்தியானத்துக்குள் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, வயது போகிறது, நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நடக்க நடக்க நோ கூடுகிறது. "போலியோ திரும்பவும் வந்துவிட்டதா, பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?" என்பது அவர் எழுதிய கேள்வி. அதற்குள் எழுதாத கேள்வி ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: தெண்டித்துத் தெண்டித்து எழுப்பிய காலை, இன்னும் கொஞ்சம் தெண்டித்தால் காப்பாற்றிவிடலாமா என்பதே அது.

எழுதிய கேள்விக்கு விடை எளிது. போலியோ திரும்பி வரவில்லை. அந்தக் கிருமி உங்கள் குடலை விட்டு நீங்கி அரை நூற்றாண்டு ஆகிறது. உங்களிடமிருந்து பேரப்பிள்ளைக்குத் தொற்றுவதற்கு எதுவும் இல்லை. இலங்கையில் கடைசியாக ஒரு பிள்ளை போலியோவால் பாதிக்கப்பட்டது 1993இல். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய வலயம் முழுவதும் போலியோ அற்றது என்று சான்றளிக்கப்பட்டது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் முற்றாக ஒழியாதபடியால் பேரப்பிள்ளைக்குத் தடுப்பு மருந்து தவறாமல் கொடுக்கப்பட வேண்டும் என்பது வேறு விடயம். பிள்ளையைத் தூக்குங்கள், ஆனால் இருந்துகொண்டு தூக்குங்கள், நின்றபடி வேண்டாம். இரண்டு தடவை விழுந்த ஒருவருக்கு நான் சொல்லக்கூடிய எச்சரிக்கை அவ்வளவுதான்.

எழுதாத கேள்விக்குத்தான் இடம் வேண்டும். நான் இருபத்தெட்டு ஆண்டுகளாக இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்பவன். நரம்பியல் நிபுணன் அல்லன். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் நோய் என்று பெயர் சூட்ட என்னால் முடியாது. ஆயினும் நீங்கள் விவரித்திருப்பதைப் போன்ற கால்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன், அவற்றுள் ஒன்றிரண்டுக்கு என் அறியாமையால் கெடுதலும் செய்திருக்கிறேன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

குழந்தைப் பருவத்தில் நடந்தது என்ன என்பதில் ஐயமில்லை. போலியோக் கிருமி வாய்வழியாகப் புகுந்து குடலில் பெருகும். தொற்றிய 200 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே அது நிரந்தர வாதமாக முடிகிறது. அந்த ஒருவருடைய முண்ணாணின் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டின்) முன்பக்கத்திலுள்ள, தசைகளை இயக்கும் நரம்புக்கலங்களை அது கொன்றுவிடுகிறது. கலம் செத்ததும் அது ஆண்டுவந்த தசை இழைகள் அநாதையாகின்றன. பிறகு கால் ஓரளவுக்குத் தேறியது எப்படி? நீங்கள் ஆசிரியை என்பதால் உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே சொல்கிறேன். இடப்பெயர்வுக் காலத்தில் ஆசிரியர்கள் பாதிக்குமேல் இல்லாத பள்ளிக்கூடங்களில், இருந்த ஒருவரே நான்கு வகுப்புகளைச் சேர்த்து வைத்துப் படிப்பித்ததைக் கண்டிருப்பீர்கள். முண்ணாணில் நடந்ததும் அதுவே. உயிர்தப்பிய நரம்புக்கலங்கள் புதிய கிளைகளை விட்டு, அநாதையான இழைகளைத் தம்மோடு சேர்த்துக்கொண்டன. ஒவ்வொன்றும் தனக்கு இயற்கை விதித்ததைப் போலப் பல மடங்கு இழைகளைச் சுமக்கத் தொடங்கியது. பாதிக் கலங்கள் அழிந்த தசையும் இவ்வாறு கை வைத்துச் சோதிக்கும்போது வலுவுள்ளதாகவே தோன்றலாம். உங்கள் தகப்பனாரின் மணற்குழியும் கமுகஞ் சலாகையும் வீண்போகவில்லை. எஞ்சியிருந்த தசைகளைப் பயன்படுத்தவும் நிமிர்ந்து நிற்கவும் அவை உங்களைப் பழக்கின. ஆனால் செத்த கலம் ஒன்றையேனும் அவை எழுப்பவில்லை. பாலத்தைக் கடந்த கால், ஆள் குறைந்த பள்ளிக்கூடமாகவே கடந்தது.

அந்த ஆசிரியர்கள் ஐம்பது ஆண்டுகள் அப்படியே படிப்பித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இப்போதைய கதை. மிகையாக விரிந்த கிளைகளைப் பேண முடியாமல் நரம்புக்கலம் அவற்றை ஒவ்வொன்றாக உதிர்க்கிறது என்பதே பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விளக்கம். இது விளக்கந்தான், முழுமையாக நிறுவப்பட்ட உண்மை அன்று. முதுமையில் எல்லோருக்கும் நிகழும் நரம்புக்கல இழப்பு, கையிருப்புக் குறைந்தவர்களிடம் முன்னதாக வெளிப்படுகிறது என்போர் உண்டு. உடலின் எதிர்ப்புத் தொகுதி மெல்லிய அழற்சி ஒன்றை முண்ணாணில் நிலைக்கச் செய்கிறது என்போரும் உண்டு. கிருமியின் சிதைந்த துணுக்குகள் சிலரிடம் காணப்பட்டதாக வந்த செய்திகளைப் பிடித்துக்கொண்டு கிருமி மீண்டும் விழித்துவிட்டது என்று பயமுறுத்துபவர்களை மட்டும் நம்பவேண்டாம். அப்படி முடிவு கட்ட ஆதாரம் போதாது.

இந்தப் பிந்திய தளர்ச்சி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அன்று. 1875இலேயே பாரிசு மருத்துவர்கள் இத்தகைய ஒருவரை விவரித்திருக்கிறார்கள். 1940களிலும் 50களிலும் மேலை நாடுகளில் பெருவாரியாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் நடுவயதை எட்டிய 1980களில்தான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்து, 'போஸ்ட் போலியோ சின்ட்ரோம்' என்று பெயரிட்டது. போலியோவிலிருந்து தப்பியவர்களில் 100இல் 25 முதல் 40 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதற்கென்று தனியான இரத்தப் பரிசோதனை இல்லை. ஆகவே உங்கள் பரிசோதனைகள் சரியாக இருந்ததில் வியப்பில்லை, 'ஒன்றுமில்லை' என்று அதற்குப் பொருளுமில்லை. வாதம் வந்திருக்க வேண்டும், பிறகு தேறியிருக்க வேண்டும், தேறிய நிலை பதினைந்து ஆண்டுகளாவது மாறாமல் இருந்திருக்க வேண்டும், அதன்பின் புதிய தளர்ச்சியோ அசாதாரணமான தசைக் களைப்போ தோன்றி ஓராண்டுக்கு மேல் நீடிக்க வேண்டும், வேறு காரணம் எதுவும் இருக்கக் கூடாது என்ற வரிசையில்தான் இதை முடிவு செய்கிறார்கள். நீங்கள் எழுதியதில் முதல் நான்கும் இருக்கின்றன. ஐந்தாவதை இன்னும் எவரும் தேடிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த ஐந்தாவதைத் தேடும்போது முதற்படியையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்வேன். "காய்ச்சலுக்கு ஊசி போட்ட மறுநாள் கால் போய்விட்டது என்று அம்மா சொல்லுவார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியை நான் கேட்ட வீடுகள் ஏராளம். அநேகமாக எல்லாத் தாய்மாரும் ஊசி போட்டவரையே குற்றஞ்சாட்டுவார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டு விதமாக. போலியோக் கிருமி ஏற்கெனவே உடலில் இருக்கும் நாள்களில் தசையில் போடப்படும் ஊசி, அந்த உறுப்பில் வாதம் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது நிறுவப்பட்ட செய்தி. அப்படியானால் வந்தது போலியோதான், காய்ச்சலும் அதனுடையதே. மற்றது, புட்டத்தில் தவறான இடத்தில் இறங்கிய ஊசி பெருநரம்பையே காயப்படுத்துவது. அது போலியோ அன்று. வேறுபடுத்துவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. போலியோ இயக்க நரம்பை மட்டுமே தாக்கும், தொடுவுணர்ச்சியைக் கெடுக்காது. ஊசிபட்ட காலில் பெரும்பாலும் பாதத்திலோ கெண்டைக்காலின் வெளிப்பக்கத்திலோ விறைப்பு, அதாவது மரத்துப்போன உணர்வு, இருக்கும். தொடையின் முன்தசை தப்பியிருக்கும். உங்களுக்கு முன்தொடையே மெலிந்திருப்பதாகவும் எறும்பு ஊர்ந்தாலும் தெரிவதாகவும் எழுதியிருப்பதால், போலியோவின் பக்கமே என் மனம் சாய்கிறது. நரம்பு, தசை மின்பரிசோதனை இதைத் தெளிவாக்கும். அது பழைய போலியோவின் தடத்தைக் காட்டுமே தவிர, இன்றைய தளர்ச்சி அதனால்தான் என்று தனியே தீர்ப்புச் சொல்லாது.

வேறு காரணங்களில், நம்மூரில் முதலில் நினைக்கவேண்டியது நீரிழிவு. அடுத்து தைரொயிட் குறைபாடு, இரத்தச்சோகை, விற்றமின் பி12 குறைவு. வளைந்த முதுகோடு வாழ்ந்தவர்களுக்கு நாரியிலுள்ள (கீழ்முதுகிலுள்ள) முள்ளந்தண்டு எலும்புகள் நரம்பை நெருக்குவது. இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு; மருந்துள்ள ஒன்றைப் போலியோவின் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பது, வயதின் கணக்கில் எழுதுவதைவிட மேலானதன்று. சில வாரங்களுக்குள் விரைவாகத் தளர்ந்தாலோ, மலசலம் கட்டுப்பாடு இழந்தாலோ, புதிதாக விறைப்புத் தோன்றினாலோ காத்திருக்க வேண்டாம். போலியோவின் பிந்திய தளர்ச்சி மெல்லவே நகரும்; சராசரியாக ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை வலு குறைவதாகவே தொடர்ந்து அவதானித்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இனி நடைப்பயிற்சி. என் வேலையின் தொடக்க ஆண்டுகளில், உங்களைப் போன்ற ஒருவர் கால் தளர்கிறது என்று வந்தபோது, தசை சோம்பிவிட்டது என்று எண்ணி, காலில் மணல்மூட்டை கட்டித் தினமும் தூக்கவைத்தேன். அவரும் பிடிவாதமானவர். சிறுவயதில் 'சொத்தி' என்று அழைத்தவர்கள் முன்னால் நடந்து காட்டியவர் அவர். அத்தகையவர்களிடம் பத்துத் தடவை தூக்கு என்றால் இருபது தடவை தூக்குவார்கள். ஆறு வாரத்தில், ஊன்றுகோலின்றி வந்தவர் ஊன்றுகோலோடு வந்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தான் போதிய அளவு தெண்டிக்கவில்லை என்று தன்னையே நொந்துகொண்டார். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. முயன்றால் முடியும் என்ற பாடம் போலியோப் பிள்ளைகளுக்குப் பால்போலப் புகட்டப்பட்டது. ஐம்பது வயதில் அந்தப் பாடமே அவர்களைக் கெடுக்கிறது.

அதற்காகப் படுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. ஓய்விலேயே கிடக்கும் தசையும் தேயும், எடையும் ஏறும். களைக்காத அளவுக்குச் செய்யும் பயிற்சி நன்மை தருகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்றுகள் இருக்கின்றன. எந்தத் தசைக்கு எவ்வளவு என்பதே கேள்வி. புவியீர்ப்பை எதிர்த்துத் தன் பாரத்தைத் தானே தூக்கக்கூடிய தசைக்கு மிதமான பயிற்சி கொடுக்கலாம். அதற்கும் கீழே தளர்ந்த தசையைப் பயிற்றுவிக்க முனைவதைவிட அதற்கு முட்டுக்கொடுப்பதே மேல். இரண்டு மூன்று நிமிடம் செய்து, அதே அளவு ஆறி, மீண்டும் செய்யலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். இன்று செய்ததன் உழைவு நாளைக் காலையிலும் இருந்தால், இன்று செய்தது கூடிவிட்டது என்று பொருள். இந்த ஒரு அளவுகோல் நான் கற்ற எல்லாவற்றையும்விட எனக்கு உதவியிருக்கிறது. இளஞ்சூடான நீருக்குள் செய்யும் பயிற்சி நோவைக் குறைக்கிறது. கீரிமலைக் கேணிக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். நீர் நல்லதுதான், ஆனால் அது குளிர்நீர், போலியோக் காலுக்குக் குளிர் ஆகாது. ஈரப்படிகளை நினைத்தாலோ எனக்குப் பயம். மார்கழியில் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்ப்பதும் புக்கை கட்டுவதும் நோவுக்கு இதம். வலு தரும் என்று காசு கேட்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

நடக்கும்போது இடக்கையால் தொடையை அழுத்திக்கொள்கிறீர்களா என்று கேட்க விரும்புகிறேன். பெண்கள் பலர் சேலைக் கொய்யகத்தைப் பிடிப்பதுபோலக் கையை அங்கே வைத்து, ஆயுள் முழுவதும் எவருக்கும் தெரியாமல் நடந்துவிடுவார்கள். முழங்காலை நிமிர்த்தும் தசை இல்லாத குறையை அந்தக் கை நிரப்புகிறது. கை களைக்கும் நாளில்தான் விழுகிறார்கள். அப்படியானால் உங்களுக்குத் தேவை நடைப்பயிற்சி அன்று, கலிப்பர். பன்னிரண்டு வயதில் வென்று கழற்றியதை ஐம்பத்து நான்கில் பூட்டுவது தோல்வி என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு முன்னால் அழுதவர்களில் பெரும்பாலோர் நோவுக்காக அழவில்லை, இதற்காகவே அழுதார்கள். இன்றைய தாங்கிகள் நீங்கள் அன்று போட்ட இரும்பும் தோலும் அல்ல. பாரங்குறைந்த பிளாஸ்திக்கில் வார்த்துச் செய்யப்படுபவை, சேலைக்குள் மறையும். யாழ்ப்பாணத்திலேயே, செயற்கைக் கால்களும் தாங்கிகளும் செய்யும் ஜெய்ப்பூர் நிலையத்தில் அளவெடுத்துச் செய்துகொள்ளலாம். நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு: தாங்கியின் கோணம் செருப்பின் குதி உயரத்துக்கு ஏற்ப அமைக்கப்படுகிறது, நாமோ விறாந்தையிலும் கோயில் வாசலிலும் செருப்பைக் கழற்றுகிறோம். வெறும் பிளாஸ்திக் சீமெந்துத் தரையில் வழுக்கும். அளவெடுக்கும்போதே இதைச் சொல்லி, வழுக்காத அடித்தோல் ஒட்டித் தரக் கேளுங்கள்; வீட்டுக்கென்று தனியாக ஒரு சோடிச் செருப்பை ஒதுக்கிக்கொள்ளுங்கள். குட்டையான காலுக்குச் செருப்பு உயர்த்துவதானால், முழு வித்தியாசத்தையும் ஒரேயடியாக நிரப்பவிட வேண்டாம். ஐம்பது ஆண்டு சரிந்து பழகிய இடுப்பு அதைத் தாங்காது.

வலக்காலையும் மறக்கவேண்டாம். 'நல்ல கால்' என்று நாம் சொல்வது பல வேளைகளில் முழுமையாக நல்லதன்று. அதிலும் சில கலங்களைக் கிருமி தின்றிருக்கலாம், இத்தனை ஆண்டும் இரட்டைச் சுமை சுமந்ததும் அதுவே. அதன் முழங்கால் தேய்ந்தால் உங்களுக்கு மாற்றுக் கால் இல்லை. குந்தும் மலசலகூடத்தைக் கொமட் ஆக்குங்கள், கிணற்றடியில் பிடிகம்பி வையுங்கள், சைக்கிளை விட்டு ஸ்கூட்டிக்கு மாறுவதானால் பின்னால் இரண்டு துணைச் சக்கரம் பூட்டுங்கள். ஊன்றுகோலை வலக்கையில் பிடியுங்கள், இடக்கையில் அல்ல. மாடியிலுள்ள வகுப்பைக் கீழே மாற்றித் தரும்படி அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பாதுகாப்பதற்கென்றே இயற்றப்பட்டது. ஆகவே அதைச் சலுகையாக எண்ணிக் கூசவேண்டியதில்லை. மத்தியானக் களைப்புக்கு, களைத்த பிறகு ஓய்வெடுப்பதைவிட, களைக்குமுன் இடைவேளையில் இருபது நிமிடம் கால்நீட்டி இருப்பது பயன்தரும்.

மருந்தைப் பற்றி நீளமாக எழுத எதுவுமில்லை. பிரிடோஸ்டிக்மின், ஸ்டீரொயிட், அமன்டடின் என்று சோதித்தவற்றில் எதுவும் தளர்ச்சியை நிறுத்தும் என்று நிறுவப்படவில்லை. நாளத்தின் வழியாக ஏற்றும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் சிலருக்கு உதவியதாகவும் உதவாததாகவும் முரணான முடிவுகள் உள்ளன. அதன் விலையை நினைத்தால், அதற்காகக் காணியை விற்க நான் சொல்லமாட்டேன். கொலஸ்திரோல் குளிசை எடுப்பவராயின், அது சிலருக்குத் தசைநோவைத் தருவதுண்டு. நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஆனால் கட்டாயம் சொல்லவேண்டிய ஒன்று மிஞ்சியிருக்கிறது. எந்தச் சத்திரசிகிச்சையாயினும், பல் பிடுங்குவதாயினும், சிறுவயதில் போலியோ வந்தது என்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உறக்க மருந்துகளும் தசையைத் தளர்த்தும் மருந்துகளும் போலியோ கண்ட உடலில் கூடுதலாகவும் நெடுநேரமும் வேலை செய்யக்கூடும். மூச்சுத் தசைகள் தளர்ந்திருந்தால் இது உயிருக்கே ஆபத்து. காலையில் தலையிடியோடு எழுந்தாலோ, மல்லாந்து படுக்க மூச்சு முட்டினாலோ, சோறு விழுங்கும்போது அடிக்கடி புரைக்கேறினாலோ, மூச்சுக் கொள்ளளவையும் உறக்கத்தில் மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சூம்பிய காலின் எலும்பு மெலிந்திருக்கும். மாதவிடாய் நின்ற வயதில் அது இன்னும் மெலியும். ஆகையால் விழுந்தபின் நோ இரண்டு நாளில் குறையாவிட்டால் எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் போட்டுத் தடவ வேண்டாம்.

நரம்பியல் கிளினிக்குக்குப் போகும் நாளில், எத்தனை படி ஏறினால் கால் மடங்குகிறது, ஐந்து ஆண்டுக்கு முன் எத்தனை ஏறினீர்கள் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பொதுவாக 'இயலவில்லை' என்பதைவிட அந்தக் கணக்கு வைத்தியருக்குக் கூடுதலாகச் சொல்லும். அன்றாடம் போடும் செருப்பையும் கொண்டு போங்கள், புதியதை வேண்டாம். தேய்ந்த இடத்தைப் பார்த்தே உடல் எந்தப் பக்கம் பாரத்தைச் சாய்க்கிறது என்று இயன்மருத்துவர் கண்டுகொள்வார். மூலையில் வைத்த அந்தப் பழைய கலிப்பர் இடப்பெயர்வுகளுக்குத் தப்பி இன்னும் வீட்டில் இருக்குமானால், அதையும் எடுத்துப் போங்கள். அன்று உங்கள் முழங்காலுக்கு எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் பூட்டுப் போட்டிருந்தார்கள் என்பதைப் புதியதை வார்ப்பவர் முதலில் பார்க்க விரும்புவார்.